முழங்கால் தேய்மானத்துக்கு எந்த ஊசி: ஸ்டீராய்டா, ஜெல்லா, பி.ஆர்.பி.யா?

கேள்வியை ஒருமுறை சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். அம்மாவுக்கு 63 வயது. இரண்டு முழங்காலிலும் வலி, வலது பக்கம் அதிகம். எக்ஸ்ரேயில் மூன்றாம் நிலைத் தேய்மானம், நான்காம் நிலைதான் உச்சம். பல வருடமாகச் சர்க்கரை. முதலில் பார்த்த டாக்டர் ஸ்டீராய்டு ஊசி போடலாம் என்றார். இரண்டாமவர், ஸ்டீராய்டு மூட்டையே அரித்துவிடும், ஜெல் ஊசிதான் நல்லது என்றார். மூன்றாமவர், இரண்டும் பழைய வைத்தியம், பி.ஆர்.பி. (சொந்த ரத்தத்திலிருந்தே பிரித்தெடுக்கும் ஊசி) போட்டால் ஜவ்வு வளரும் என்றார். இந்த மூன்றில் எது நல்லது என்று கேட்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில், "எப்படியாவது ஆபரேஷன் இல்லாமல் சரியாகிவிட வேண்டும்" என்று எழுதியிருக்கிறீர்களே, உங்கள் கேள்வி அங்கேதான் இருக்கிறது. தேய்ந்ததைத் திரும்ப வளர்க்கும் ஊசி எது, ஆபரேஷனே வேண்டாம் என்று ஆக்கும் ஊசி எது என்று கேட்கிறீர்கள். அப்படிப்பட்ட ஊசி இன்றைக்கு எதுவும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட்டால், மூன்றையும் அவசரமில்லாமல் எடைபோடலாம். வலியைக் குறைக்கும் ஊசிகள் உண்டு. எவ்வளவு குறைக்கும், எத்தனை நாளைக்கு, அதற்கு என்ன விலை கொடுக்கிறோம் என்பதுதான் பேச வேண்டிய விஷயம். விலை என்றது பணத்தை மட்டும் இல்லை.

நான் எலும்பு மூட்டு மருத்துவர், இருபது வருடத்துக்கு மேலாக இந்த ஊசிகளைப் போடுகிறவன். சிலவற்றைப் போட்டுக்கொண்டிருந்துவிட்டு நிறுத்தியிருக்கிறேன், சிலவற்றைத் தொட்டதே இல்லை. அம்மாவின் முழங்காலை நான் தொட்டுப் பார்க்கவில்லை. முழங்கால் விஷயத்தில் எக்ஸ்ரேயைவிடத் தொட்டுப் பார்ப்பது பெரிது. ஆகவே கீழே எழுதுவதை அவரைப் பார்க்கும் டாக்டரிடம் பேசுவதற்கான தயாரிப்பாக எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இந்த "ஜவ்வு" என்ற சொல். நம் பேச்சில் எலும்பின் நுனியைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்பும் ஜவ்வுதான், இரண்டு எலும்புக்கும் நடுவில் பிறைபோல இருக்கும் வட்டும் ஜவ்வுதான், எலும்பையும் எலும்பையும் கட்டிவைக்கும் நாரும் ஜவ்வுதான். ஒருவர் ஜவ்வு கிழிந்துவிட்டது என்பார், இன்னொருவர் ஜவ்வு தேய்ந்துவிட்டது என்பார், இரண்டு பேருக்கும் ஒரே நோய் என்று அக்கம்பக்கத்தில் முடிவுகட்டி ஒரே வைத்தியத்தைச் சொல்வார்கள். அம்மாவுக்குத் தேய்ந்திருப்பது குருத்தெலும்பு. அதில் நரம்பும் கிடையாது, ரத்தக் குழாயும் கிடையாது. ரத்த ஓட்டம் இல்லாததால்தான் அது தானாக வளர்வதில்லை. நரம்பு இல்லாததால் அது தேயும்போது அதற்கே வலிப்பதும் இல்லை. வலி வருவது சுற்றியிருக்கிற மற்றவற்றிலிருந்து: அழற்சியால் தடித்த உள்சவ்வு, குருத்தெலும்புக்கு அடியில் பாரம் தாங்கும் எலும்பு, இழுபடும் மூட்டு உறை, வலுவிழந்த தொடைத்தசை. நான்காம் நிலை எக்ஸ்ரேயோடு மாடி ஏறி இறங்குகிறவர்களையும், எக்ஸ்ரேயில் பெரிதாக ஒன்றும் இல்லாமல் வலியில் தவிப்பவர்களையும் நான் தினமும் பார்ப்பது இதனால்தான். ஊசிகளின் சூட்சுமமும் இதில்தான் இருக்கிறது. தேய்மானத்தைத் தொடாமலேயே வலியைக் குறைக்க முடியும். வலி குறைந்துவிட்டது, அதனால் ஜவ்வு வளர்ந்துவிட்டது என்று யாராவது சொன்னால் அந்த "அதனால்" தப்பு.

ஸ்டீராய்டில் தொடங்குகிறேன், இருப்பதில் வயதானது அதுதான். மூட்டுக்குள் ஹைட்ரோகார்ட்டிசோன் செலுத்திய அனுபவத்தை அமெரிக்க மருத்துவர் ஹாலண்டரும் உடன் பணியாற்றியவர்களும் 1951இல் வெளியிட்டார்கள். இப்போது பெரும்பாலும் டிரையாம்சினலோன் அல்லது மெத்தில்பிரட்னிசலோன், வழக்கமாக 40 மில்லிகிராம். உள்சவ்வின் அழற்சியை அடக்குவதுதான் இதன் வேலை. சில நாளில் கேட்கத் தொடங்கும், சில வாரம் நிற்கும். பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2022இல் வெளியிட்ட வழிகாட்டுதல், நிவாரணம் 2 முதல் 10 வாரம் வரைதான் என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. என் அனுபவமும் கிட்டத்தட்ட அதேதான், நடுவில் ஐந்தாறு மாதம் சௌகரியமாக இருந்தவர்களும் உண்டு, ஒரு வாரம்கூடத் தாங்காதவர்களும் உண்டு. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் குழு 2015இல் 27 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. நோயாளி தன் வலியின் அளவைக் குறித்துக் காட்டும் பத்து சென்டிமீட்டர் நீள வலிக் கோட்டில், மருந்தில்லாத போலி ஊசியைவிடச் சுமார் ஒரு சென்டிமீட்டர் கூடுதலாக வலி குறைந்தது, ஆறு மாதத்தில் அந்த வித்தியாசமும் காணாமல் போனது. அந்த ஆய்வுகளின் தரம் குறைவு என்று அந்தக் குழுவே சொல்லியிருக்கிறது, ஒரு சென்டிமீட்டர் என்பதுகூடக் கொஞ்சம் தாராளமான கணக்காக இருக்கலாம்.

யாருக்கு இது நன்றாகக் கேட்கிறது? நீர் கோத்து வீங்கிய முழங்காலுக்கு. இதைத் திட்டவட்டமாக நிரூபித்த ஆய்வு இருக்கிறது என்று சொல்ல மாட்டேன், கை கண்ட பழக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நோயாளியைப் படுக்கவைத்து, முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைப்பேன். காலைத் தளர்வாக விடச் சொல்லி, முழங்கால் சில்லை ஒரு விரலால் வெளிப்பக்கமாக மெல்லத் தள்ளினால் சில்லுக்கும் தொடை எலும்புக்கும் நடுவில் ஒரு சந்து கிடைக்கும். ஊசி போகும் வழி அது. சரியான இடத்துக்குப் போனால் தடையே தெரியாது. முதலில் உள்ளே எதையும் தள்ளாமல் உறிஞ்சிப் பார்ப்போம். ஆரோக்கியமான முழங்காலில் ஒரு தேக்கரண்டி திரவம்கூட இருக்காது, வீங்கிய மூட்டிலிருந்து முப்பது, நாற்பது மில்லி சர்வசாதாரணமாக வரும். தேய்மான நீர் என்றால் இளமஞ்சளாக, தெளிவாக, ஒரு விரல் நீளத்துக்கு இழைபோல நீண்டு சொட்டும். கலங்கியிருந்தால் கை அங்கேயே நின்றுவிடும். கிருமித் தொற்றோ, யூரிக் அமிலப் படிகமோ இருக்கலாம், நீரைப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு ஸ்டீராய்டைத் தள்ளிவைப்போம். நீரை எடுத்ததுமே "பாதி பாரம் இறங்கிடுச்சு" என்று சொல்லாதவர்கள் குறைவு, மருந்து அப்போது உள்ளே போயே இருக்காது.

இரண்டாவது டாக்டர் "அரித்துவிடும்" என்றாரே, அதற்கு அடிப்படை இருக்கிறது, ஆனால் சொன்ன விதத்தில் மிகை. 2017இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில் 140 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு 12 வாரத்துக்கு ஒருமுறை டிரையாம்சினலோன், மறு பாதிக்கு உப்புநீர், இப்படி இரண்டு வருடம் கொடுத்தார்கள். ஸ்டீராய்டு போட்டவர்களுக்குக் குருத்தெலும்பு 0.21 மில்லிமீட்டர் மெலிந்தது, உப்புநீர் போட்டவர்களுக்கு 0.10 மில்லிமீட்டர். இரண்டு வருட முடிவில் வலியில் வித்தியாசம் இல்லை. ஆகவே மூன்று மாதத்துக்கு ஒருமுறை நாள் குறித்து ஊசி போட்டுக்கொள்வது மோசமான வியாபாரம், இழப்பு உண்டு, வரவு இல்லை. ஆனால் வலி உச்சத்தில் இருக்கும்போது ஒரே ஒருமுறை போட்டுக்கொள்வதற்கும் இதற்கும் வெகுதூரம். ஒரு ஊசியால் மூட்டு அரித்துப்போகும் என்று பயப்பட அந்த ஆய்வில் ஆதாரம் இல்லை. வருடத்துக்கு ஒன்று, தவிர்க்க முடியாவிட்டால் இரண்டு, அதற்கு மேல் கேட்டால் வேறு வழி பார்ப்போம் என்பது நானாக வைத்துக்கொண்ட எல்லை. மூன்று, நான்கு வரை போகிறவர்களும் இருக்கிறார்கள்.

அம்மாவுக்கு இதைவிட முக்கியமானது சர்க்கரை. இதில் நான் சூடுபட்டிருக்கிறேன். தொழில் தொடங்கிய முதல் சில வருடங்களில், இன்சுலின் போட்டுக்கொள்ளும் ஒரு பெரியவருக்கு இரண்டு முழங்காலிலும் ஒரே நாளில் ஸ்டீராய்டு போட்டு அனுப்பினேன். வலி விட்டுப்போன சந்தோஷத்தில் அவரும் போனார், போட்டுவிட்ட திருப்தியில் நானும் இருந்துவிட்டேன். மூன்றாம் நாள் நாக்கு வறண்டு, தலை சுற்றி வந்து நின்றார், சர்க்கரை நானூறைத் தாண்டியிருந்தது. மூட்டுக்குள் போடும் மருந்து மூட்டோடு நின்றுவிடாது, ரத்தத்திலும் கலக்கும் என்பது எனக்குத் தெரியாததில்லை, சொல்லி அனுப்பத்தான் மறந்தேன். அன்றிலிருந்து சர்க்கரை உள்ளவருக்கு இரண்டு காலுக்கும் சேர்த்து ஒரே நாளில் போடுவதில்லை. ஊசிக்குப் பிறகு ஒரு வாரம் வீட்டிலேயே சர்க்கரையைப் பார்த்து எழுதிவைக்கச் சொல்கிறேன், அளவு ஏறினால் யாரைக் கூப்பிட வேண்டும் என்பதையும் சீட்டிலேயே எழுதிவிடுகிறேன். ஏற்றம் பெரும்பாலும் முதல் சில நாள்தான். ஏற்கெனவே சர்க்கரை கட்டுக்கு மீறி ஓடிக்கொண்டிருந்தால் முதலில் அதை இறக்கிவிட்டு ஊசியைப் பற்றிப் பேசுவோம்.

மற்ற பக்க விளைவுகளை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். முதல் ஓரிரு நாள் வலி கூடுவது உண்டு, ஐஸ் ஒத்தடத்தில் அடங்கும். முகம் சிவந்து சூடாவது உண்டு. ஊசி தோலடியில் கசிந்தால் அந்த இடம் வெளுக்கும், குழி விழும். மூட்டுக்குள் கிருமி போவது மிக அபூர்வம், ஆனால் போனால் பெரிய ஆபத்து. இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை: மூட்டு மாற்று ஆபரேஷனுக்கு முந்தைய மூன்று மாதத்துக்குள் இந்த ஊசி போட்டிருந்தால் ஆபரேஷனுக்குப் பிறகு கிருமித் தொற்று வரும் வாய்ப்பு கூடுகிறது. ஆபரேஷனுக்குத் தேதி வாங்குகிற யோசனை இருந்தால் ஊசி வேண்டாம்.

அடுத்தது ஜெல் ஊசி. அதன் உள்ளிருப்பு ஹையலூரோனிக் அமிலம். 1934இல் கார்ல் மேயரும் ஜான் பாமரும் மாட்டுக் கண்ணின் உள்ளே இருக்கும் கூழிலிருந்து பிரித்தெடுத்த பொருள் அது. நம் மூட்டு நீர் வழவழப்பாக இருப்பதற்குக் காரணமும் அதுதான், தேய்மானத்தில் அது நீர்த்துப்போகிறது. குறைந்ததை வெளியிலிருந்து ஊற்றினால் என்ன என்பது இதன் தர்க்கம். வண்டிக்கு ஆயில் மாற்றுவதுபோல என்று நோயாளிகளிடம் சொல்வார்கள், நானும் சொல்லியிருக்கிறேன். சேவல் கொண்டையிலிருந்து எடுத்தவை உண்டு, பாக்டீரியாவை வளர்த்து எடுப்பவை உண்டு, ஒரே ஊசியாகவும் வாரம் ஒன்றாக மூன்று முதல் ஐந்து வரையும் உண்டு. அமெரிக்காவில் 1997இல் அனுமதி கிடைத்தபோது மருந்தாக அல்லாமல் மருத்துவச் சாதனமாகத்தான் அனுமதித்தார்கள். உவமை அழகாக இருக்கிறது, ஒரு சிக்கல்: சாதாரண ஹையலூரோனிக் அமிலம் மூட்டுக்குள் ஓரிரு நாளுக்கு மேல் தங்குவதில்லை. சங்கிலியாகக் கோத்துக் கெட்டியாக்கியவை இன்னும் சில நாள் தாங்கும். ஆறு மாதம் வண்டி ஓட்டும் ஆயில் எதுவும் அங்கே இல்லை. உள்ளிருக்கும் செல்களைத் தூண்டுகிறது, அழற்சியைக் குறைக்கிறது என்று பிறகு வேறு விளக்கங்கள் வந்தன.

விளக்கம் இருக்கட்டும், வலி குறைகிறதா? 2022இல் பிஎம்ஜே இதழில் வந்த தொகுப்பாய்வு இதுவரை வந்தவற்றில் பெரியது, 169 ஆய்வுகள், 21,000க்கும் மேற்பட்ட நோயாளிகள். அதில் பெரிய, போலி ஊசியோடு ஒப்பிட்ட 24 ஆய்வுகளை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தபோது, நூறு மில்லிமீட்டர் வலிக் கோட்டில் ஜெல்லுக்கும் போலிக்கும் வித்தியாசம் 2 மில்லிமீட்டர். இரண்டு மில்லிமீட்டர் வலி குறைந்ததை நீங்களோ நானோ உணரவே முடியாது. அதே ஆய்வில் தீவிரமான பக்க விளைவுகள் ஜெல் போட்டவர்களிடம் கொஞ்சம் அதிகமாகவும் இருந்தன. சிறிய ஆய்வுகளில் பலன் பெரிதாகவும், பெரிய ஆய்வுகளில் சுருங்கியும் தெரிந்தால், சிறிய ஆய்வுகளைச் சந்தேகப்பட வேண்டும் என்பது இந்தத் துறையில் பாலபாடம். நைஸ் 2022இல் ஜெல்லைக் கொடுக்க வேண்டாம் என்றே சொல்லிவிட்டது. அமெரிக்க வாதநோய்க் கல்லூரி 2019இல் முழங்காலுக்கு நிபந்தனையோடு வேண்டாம் என்றது, அமெரிக்க எலும்பு மருத்துவர்கள் அகாடமி 2021இல் வழக்கமாகப் பயன்படுத்தத் தேவையில்லை என்றது. அதே 2019இல் தேய்மான ஆய்வுக்கான பன்னாட்டுச் சங்கமான ஓஆர்சி (OARSI) நிபந்தனையோடு போடலாம் என்றது. பார்த்தீர்களா, நிபுணர்களே ஒரு குரலில் பேசவில்லை. அம்மாவைப் பார்த்த மூன்று டாக்டர்களும் மூன்று விதமாகச் சொன்னதில் வஞ்சகம் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை.

எனக்கே ஒரு காலத்தில் ஜெல்லின் மேல் நம்பிக்கை இருந்தது. போட்டுக்கொண்டவர்கள் ஆறு மாதம் கழித்து வந்து "இன்னொரு கோர்ஸ் போடுங்க டாக்டர்" என்று கேட்டால் யார்தான் நம்ப மாட்டார்கள்? எனக்குத் தெளிவு வந்தது உப்புநீரால்தான். இந்த ஆய்வுகளில் போலி ஊசி என்று போடுவது வெறும் சலைன். அந்தச் சலைன் போட்டுக்கொண்டவர்களுக்கும் வலி கணிசமாகக் குறைகிறது, மாதக் கணக்கில் குறைந்தே இருக்கிறது. விழுங்கும் போலி மாத்திரையைவிட மூட்டுக்குள் போகும் போலி ஊசிக்குப் பலன் அதிகம் என்பதும் தொடர்ந்து தெரியவந்திருக்கிறது. இதை மனப்பிரமை என்று ஒதுக்கிவிடாதீர்கள். தேய்மான வலி அலைபோல ஏறி இறங்குவது, உச்சத்தில் இருக்கும்போதுதான் டாக்டரிடம் போகிறோம், போடாவிட்டாலும் கொஞ்சம் இறங்கியிருக்கும். அதோடு ஒருவர் உட்கார்ந்து கேட்டு, தொட்டுப் பார்த்து, வலிக்கிற இடத்திலேயே வைத்தியம் செய்தார் என்பதும் நரம்புக்குப் புரியும். ஆகவே பக்கத்து வீட்டு அத்தைக்கு ஜெல் கேட்டது பொய்யில்லை. அவருக்குச் சலைன் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை அந்த அத்தையாலும் சொல்ல முடியாது, ஊசி போட்ட டாக்டராலும் சொல்ல முடியாது. இப்போது நானாக ஜெல்லைப் பரிந்துரைப்பதில்லை. ஸ்டீராய்டு போட முடியாத நிலையில் ஒருவர் எல்லாவற்றையும் கேட்டுப் புரிந்துகொண்டு, பரவாயில்லை, முயன்று பார்க்கிறேன் என்றால் மறுப்பதும் இல்லை. சர்க்கரை ஏறாது என்பது அதன் நியாயமான சாதகம். சிலருக்கு ஊசி போட்ட ஓரிரு நாளில் முழங்கால் திடீரென்று வீங்கி, கிருமி போனதுபோலவே பயமுறுத்தும், அதை முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும்.

பி.ஆர்.பி.க்கு வருகிறேன். நோயாளியின் ரத்தத்தையே எடுத்து, சென்ட்ரிஃபியூஜில் சுழற்றி, பிளேட்லெட் செறிந்த மஞ்சள் பகுதியைப் பிரித்து மூட்டுக்குள் போடுவது. பிளேட்லெட்டுக்குள் காயம் ஆற்றும் புரதங்கள் இருக்கின்றன, அதுவரை உண்மை. அவை குருத்தெலும்பை மனித முழங்காலில் வளர்க்கின்றன என்பதற்கு ஆதாரம் இல்லை. 2021இல் ஜாமா இதழில் வந்த ஆஸ்திரேலிய ஆய்வைத்தான் இதில் நான் அதிகம் மதிக்கிறேன். 50 வயதைத் தாண்டிய, லேசான அல்லது நடுத்தரத் தேய்மானம் உள்ள 288 பேர், வாரம் ஒன்றாக மூன்று ஊசி, பாதிப் பேருக்கு பி.ஆர்.பி., பாதிப் பேருக்குச் சலைன். எல்லோரிடமும் ரத்தம் எடுத்தார்கள், யாருக்கு எது போகிறது என்று தெரியாதபடி ஊசியை மறைத்தார்கள். ஒரு வருடம் கழித்து, 0 முதல் 10 வரையிலான வலி அளவில் பி.ஆர்.பி.க்கு 2.1 குறைந்தது, சலைனுக்கு 1.8. எம்.ஆர்.ஐ.யில் குருத்தெலும்பின் அளவு இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரி குறைந்தது. வளரவில்லை, குறைந்தது. மூன்றாவது டாக்டரிடம் இதைக் கேட்டுப் பாருங்கள்.

ஆனால் கதவை முழுக்கச் சாத்திவிட மாட்டேன். ஜெல்லைவிட பி.ஆர்.பி. மேல் என்று காட்டும் சிறிய ஆய்வுகள் நிறைய இருக்கின்றன. பி.ஆர்.பி. என்பது ஒரே பொருளும் இல்லை. எவ்வளவு ரத்தம் எடுத்தார்கள், எத்தனை மடங்கு செறிவு, வெள்ளணுக்களை நீக்கினார்களா, ஒருமுறை சுழற்றினார்களா இரண்டுமுறையா என்று ஆய்வுக்கூடத்துக்கு ஆய்வுக்கூடம் மாறும். அந்த ஆஸ்திரேலியத் தயாரிப்பில் செறிவு போதவில்லை, அதனால்தான் தோற்றது என்று வாதிடுபவர்களிடம், சரி, சரியான செறிவோடு அதேபோல மறைத்து அதே அளவுக்குப் பெரிய ஆய்வைச் செய்து காட்டுங்கள் என்றுதான் சொல்ல முடியும். 2019இல் இரண்டு பெரிய வழிகாட்டுதல்கள் இதற்கு அழுத்தமாக எதிராகவே எழுதின, தயாரிப்பில் தரம் ஒழுங்காக இல்லை என்பதும் முக்கியக் காரணம். 2021இல் அமெரிக்க அகாடமி, வலியைக் கொஞ்சம் குறைக்கலாம், ஆதாரம் மட்டுப்பட்டது என்று சற்று இளகியது. வயது குறைவு, தேய்மானம் ஆரம்ப நிலை, கையில் பணம் இருக்கிறது, இது சோதனைக் கட்டத்தில் இருப்பது என்று தெரியும் என்கிறவர் போட்டுக்கொண்டால் பெரிய கெடுதல் இல்லை. மூன்றாம் நிலையில் 63 வயதுக்காரருக்கு "ஜவ்வு வளரும்" என்று சொல்லிப் போடுவது எனக்கு ஒப்புதல் இல்லை.

ஸ்டெம் செல்லைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் பி.ஆர்.பி. பலன் தரவில்லை என்றால் அடுத்த படியாக அதைத்தான் நீட்டுவார்கள். 2023இல் நேச்சர் மெடிசின் இதழில் 475 பேரை வைத்துச் செய்த ஆய்வு வெளிவந்தது. எலும்பு மஜ்ஜையிலிருந்து எடுத்தது, கொழுப்பிலிருந்து எடுத்தது, தொப்புள்கொடியிலிருந்து எடுத்தது என்று மூன்று வகைச் செல்களையும் சாதாரண ஸ்டீராய்டு ஊசியோடு ஒப்பிட்டார்கள். ஒரு வருட முடிவில் மூன்றில் எதுவும் ஸ்டீராய்டை மிஞ்சவில்லை. ஓசோன், போடாக்ஸ், சர்க்கரைக் கரைசல் என்று இன்னும் பட்டியல் நீளும், அவற்றுக்கெல்லாம் ஒரு வரிக்கு மேல் செலவிடத் தேவையில்லை.

இத்தனையும் சொன்ன பிறகு, ஊசிக்கு எதிரில் நிற்கும் போட்டியாளர் யார் என்று பார்க்க வேண்டும். 2020இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் 156 பேரை வைத்து ஓர் ஆய்வு வந்தது. பாதிப் பேருக்கு ஸ்டீராய்டு ஊசி, பாதிப் பேருக்கு பிசியோதெரபி. ஒரு வருடம் கழித்து வலி, விறைப்பு, நடமாட்டம் எல்லாம் சேர்த்த மதிப்பெண்ணில், குறைவாக இருப்பது நல்லது, பிசியோதெரபிக் குழுவுக்கு 37, ஊசிக் குழுவுக்கு சுமார் 56. ஊசி தோற்றது என்று இதை வாசிக்க வேண்டாம். ஊசி சில வாரம் வலியில்லாத அவகாசத்தை வாங்கிக் கொடுக்கும், அந்த அவகாசத்தில் தொடைத்தசையைத் தேற்றிக்கொள்ளாவிட்டால் வாங்கியது வீண் என்று நான் வாசிக்கிறேன். வலியால் நடக்காமல் இருக்கிறோம், நடக்காததால் தசை மெலிகிறது, தசை மெலிந்ததும் பாரமெல்லாம் மூட்டில் இறங்குகிறது, வலி கூடுகிறது. இந்தச் சக்கரத்தை ஒரு இடத்தில் உடைக்கத்தான் ஊசி. ஊசி போட்ட பத்தாம் நாள் "இப்ப வலியே இல்ல, பயிற்சி எதுக்கு" என்பவரைத்தான் மூன்றாம் மாதம் மறுபடி பார்க்கிறேன்.

பயிற்சி என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். கைப்பிடி இல்லாத நாற்காலியில் உட்கார்ந்து, காலை நீட்டி, பாதத்தைத் தன்பக்கம் இழுத்து, தொடையை இறுக்கி ஐந்து எண்ணும் வரை வைத்திருந்து மெதுவாக இறக்குவது. தொடையின் மேல் கையை வைத்துப் பார்த்தால் தசை கல்லாக இறுகுவது தெரிய வேண்டும், தெரியாவிட்டால் சரியாகச் செய்யவில்லை. பிறகு கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது. முடியாவிட்டால் ஒரு தலையணையைப் போட்டு உயரத்தைக் கூட்டிக்கொள்ளலாம். செய்யும்போது கொஞ்சம் வலித்தால் நிறுத்த வேண்டியதில்லை, மறுநாள் காலையிலும் அந்தக் கூடுதல் வலி நீடித்தால் அளவைக் குறைக்கலாம். எடை அதிகமென்றால் அதுவும் கணக்கில் வர வேண்டும். உடம்பில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடி வைக்கும்போதும் முழங்காலில் இறங்கும் பாரம் சுமார் நான்கு கிலோ குறைகிறது என்று அளந்திருக்கிறார்கள். டைக்ளோஃபினாக் களிம்பை அம்மா ஒழுங்காகத் தடவிப் பார்த்தாரா என்றும் கேளுங்கள். வயிற்றையும் சிறுநீரகத்தையும் அதிகம் தொந்தரவு செய்யாத மருந்து அது, ஆனால் ஒரு நாள் தடவிவிட்டுக் கேட்கவில்லை என்று தூக்கிப்போடுகிறவர்கள்தான் அதிகம்.

அம்மா என்னிடம் வந்திருந்தால் என்ன செய்வேன் என்று கேட்பீர்கள். முதலில் வலது முழங்காலில் நீர் இருக்கிறதா என்று பார்ப்பேன். இருந்து, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையும் சுமாராக இருந்தால், நீரை எடுத்துவிட்டு அந்த ஒரு முழங்காலில் மட்டும் ஒரு ஸ்டீராய்டு ஊசி, அன்றைக்கே பிசியோதெரபிக்குச் சீட்டு. நீர் இல்லை, வலி மட்டும்தான் என்றால் ஊசியை ஒத்திவைத்து எட்டு முதல் பன்னிரண்டு வாரம் பயிற்சியும் களிம்பும். ஜெல்லை நானாகச் சொல்ல மாட்டேன். பி.ஆர்.பி. வேண்டாம் என்பேன். எந்த டாக்டரிடம் போனாலும் இதைக் கேளுங்கள்: இந்த ஊசி கேட்கவில்லை என்றால் அடுத்து என்ன செய்வீர்கள்? "இன்னும் இரண்டு போடுவோம்" என்பதுதான் பதில் என்றால், மூன்று ஊசிக்கும் சேர்த்து முன்பணம் கட்டச் சொன்னால், வீட்டுக்குப் போய் யோசித்துவிட்டு வருகிறேன் என்று எழுந்துவிடலாம்.

ஆபரேஷனைப் பற்றி ஒரு வார்த்தை, அம்மா அதற்குத்தான் பயப்படுகிறார் என்று தெரிகிறது. மூன்றாம் நிலை என்று எக்ஸ்ரேயில் எழுதியிருப்பதால் மட்டும் யாரும் மூட்டை மாற்றுவதில்லை. இரவில் வலி எழுப்பிவிடுகிறதா, வீட்டுக்குள் நடப்பதே பாடாக இருக்கிறதா, கால் வளையத் தொடங்கிவிட்டதா, பயிற்சியும் மருந்தும் ஒழுங்காகப் பார்த்தும் பலன் இல்லையா, இவற்றை வைத்துத்தான் முடிவு. அந்த நிலைக்குப் பலர் போவதே இல்லை. போனவர்களை ஊசி மேல் ஊசி போட்டு இரண்டு மூன்று வருடம் இழுத்தடிப்பதால், தசையெல்லாம் வற்றிய பிறகு ஆபரேஷன் மேசைக்கு வருகிறார்கள். அதன் பிறகு அவர்கள் தேறி எழுவதும் அந்த அளவுக்குத் தாமதமாகிறது.

எந்த ஊசி போட்டாலும் சரி, போட்ட பிறகு காய்ச்சல் வந்தாலோ, முழங்கால் நாளுக்கு நாள் சிவந்து சூடாகி, காலை அசைக்கவே விடாத அளவுக்கு வலித்தாலோ, விடியும்வரை காத்திருக்க வேண்டாம், அன்றிரவே அழைத்துப் போங்கள். ஊசியைப் பற்றி முடிவெடுக்கும் முன்னால் வீட்டிலேயே ஒன்று பார்த்துவிட்டு எழுதுங்கள். அம்மாவைக் காலை நீட்டிப் படுக்கச் சொல்லி, சில்லுக்கு மேலே தொடையின் அடிப்பகுதியை உள்ளங்கையால் கீழ்நோக்கி அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறு கை விரலால் சில்லைத் தட்டுங்கள். தண்ணீரில் மிதக்கும் பலகைபோல அது அமுங்கி எழுந்தால் உள்ளே நீர் இருக்கிறது. இரண்டு காலிலும் செய்து பார்த்து, எந்தப் பக்கம் எப்படி என்று சொல்லுங்கள். கடைசியாகப் பார்த்த மூன்று மாதச் சர்க்கரை அளவையும் சேர்த்து எழுதுங்கள்.